எங்க அப்பா டேஞ்சரஸ்



போன மாதம் இந்தச் சுவர் இதழில் ஜோக்ஸ் பகுதியில் ஒரு லீவ் லெட்டர் ஜோக் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "மை ஃபாதர் இஸ் டேஞ்சரஸ். ஸோ ஐ வான்ட் டூ டேஸ் லீவ்." பேர் போடவில்லை. ஆனால் அது யார் என்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். நான்தான். "ஏல டேஞ்சரு" என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்தப் பட்டப்பேர் ஒட்டிக்கொண்டது. அந்த லெட்டரை எழுதின அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கிராமரும் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்க அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். நம் சங்கரன்கோவிலில் உங்களில் நிறைய பேர் வீட்டிலும் அதுதான் தொழில், அதனால் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ராத்திரி ஷிப்ட். நல்ல மழை, தரையெல்லாம் ஈரம். தறி மோட்டாரில் எர்த் வயர் விட்டுப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. அப்பா கை வைத்ததும் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. விழுந்ததில் தலையிலும் அடி. இங்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே 108-ல் ஏற்றித் திருநெல்வேலி ஐகிரவுண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 50 கிலோமீட்டருக்கு மேலே. அம்மாவும் மாமாவும் கூடப் போனார்கள். நானும் தங்கச்சியும் ஆச்சி வீட்டில் இருந்தோம்.

விடிகாலையில் மாமா போன் பண்ணி, "அப்பா சீரியஸா இருக்காவ. பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டு நீயும் கிளம்பி வா" என்றார். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. என் நெற்றியில் கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணைப் பூசிவிட்டு, கொஞ்சத்தைத் தாளில் மடித்து "அப்பனுக்கும் பூசு" என்று கொடுத்தாள். நான் லெட்டர் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" ஒன்றுதான். மாமா சொன்ன "சீரியஸ்" ஒரு ஆங்கில வார்த்தை என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை. அவ்வளவு தூரம் நம் தமிழோடு கலந்துவிட்டது! ஆபத்தான நிலை, ஆபத்தான என்றால் டேஞ்சரஸ் என்று யோசித்து எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவன் வழியிலேயே படித்துவிட்டான். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் முதல் 2 நாள் அப்பாவைப் பார்க்கவே விடவில்லை. வராண்டாவில்தான் இருந்தோம். 3-ஆம் நாள் காலையில் டாக்டர் வெளியே வந்து, "இனிமே பயமில்லம்மா, அவுட் ஆஃப் டேஞ்சர்" என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த நேரத்திலும் மண்டைக்குள் ஒன்று ஓடியது: டாக்டர் டேஞ்சரஸ் என்று சொல்லவில்லையே, டேஞ்சர் என்றுதானே சொன்னார்? (சிரிக்காதீர்கள், நிஜமாகவே தோன்றியது.)

திரும்பி வந்த பிறகு இங்கிலீஷ் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அவர்கள் அந்த லெட்டரைப் படித்துச் சிரிக்கவில்லை. முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் போர்டில் எழுதிக் காட்டினார்கள். டேஞ்சரஸ் என்றால் ஆபத்தை உண்டாக்குகிறவன். இன் டேஞ்சர் என்றால் ஆபத்தில் மாட்டிக்கொண்டவன். பாம்பு டேஞ்சரஸ், அது கடிக்க வருகிற ஆள் இன் டேஞ்சர். நான் எழுதினதற்கு அர்த்தம், எங்க அப்பா ஊரில் உள்ளவர்களுக்கு ஆபத்தான ஆள் என்பது! ரவுடி மாதிரி. தமிழில் ஆபத்தான பாம்பு என்கிறோம், ஆபத்தான நிலை என்றும் சொல்கிறோம். ஒரே வார்த்தை ரெண்டு பக்கமும் ஓடும். நான் வழுக்கினது அங்கேதான்.

"மை ஃபாதர் இஸ் சீரியஸ்" என்று எழுதியிருந்தாலும் தப்பாம். என் அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறார் என்கிற மாதிரி ஆகிவிடும். "சீரியஸ்லி இன்ஜர்ட்" என்று எழுத வேண்டும். அல்லது "ஹிஸ் கண்டிஷன் இஸ் கிரிட்டிகல்". நோயில் கிடப்பவர் என்றால் "டேஞ்சரஸ்லி இல்" என்றும் எழுதலாம், அது சரி.

சினிமா தியேட்டரில் படம் போடும் முன்னால் வருமே, "ஸ்மோக்கிங் இஸ் இன்ஜூரியஸ் டு ஹெல்த்". அதிலும் இதே கதைதான். சிகரெட் இன்ஜூரியஸ், அடிபட்ட மனுஷன் இன்ஜர்ட். டீச்சர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது புலி. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள் அல்லவா, ஏன்? புலி டேஞ்சரஸ், அதனால் நமக்கு ஆபத்து. புலி என்டேஞ்சர்டும்கூட, அதாவது அதன் இனமே அழிகிற ஆபத்தில் இருக்கிறது. ரெண்டுக்கும் பொருந்துவது புலி மட்டும்தானோ என்னவோ, எங்க அப்பா இல்லை.

இன்னொரு தப்பு என்னை விட நீங்கள்தான் அதிகம் செய்கிறீர்கள். "அந்த ரோடு ரொம்ப டேஞ்சர்டா" என்று பேசிப் பழகி, பரீட்சையில் "திஸ் ரோடு இஸ் வெரி டேஞ்சர்" என்று எழுதுகிறீர்கள். அங்கே டேஞ்சரஸ் வர வேண்டும். ஆக, நான் போடக்கூடாத இடத்தில் போட்டேன், நீங்கள் போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறீர்கள். பட்டப்பேர் எனக்கு மட்டும்!

இந்த டேஞ்சர் என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியில் இருந்து வந்ததாம். முதலில் அதற்கு அர்த்தம் எஜமானின் அதிகாரம் என்பதுதானாம். ஒருத்தருடைய டேஞ்சரில் இருப்பது என்றால் அவர் கையில் அகப்பட்டிருப்பது. இதை அப்பாவிடம் சொன்னேன். "அது சரியாத்தான இருக்கு" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

லெட்டர் விஷயத்தையும் சொன்னேன். தலையில் கட்டோடு வயிறு வலிக்கச் சிரித்தார். "நான் டேஞ்சரஸ்தாம்ல, மார்க் குறையட்டும் தெரியும்" என்றார்.

இப்போது அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார். எர்த் வயர் எல்லாம் புதுசாக மாற்றியாகிவிட்டது. மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் மாட்ட ஒரு தகரத் தட்டும் சிவப்புப் பெயிண்டும் வாங்கிவந்து, தமிழில் அபாயம், கீழே இங்கிலீஷிலும் எழுதித் தா என்றார். டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட் போர்டு பார்த்திருக்கிறேன், அதே மாதிரி மண்டை ஓடும் வரைந்தேன். நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏல, கடைசில அஸ் போடணுமா?"

"வேண்டாம்ப்பா, போர்டுக்கு டேஞ்சர்னு மட்டும் போட்டாப் போதும்."

"நல்லாத் தெரியும்லா?"

"தெரியும்ப்பா."

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்