பட்டத்தைத் துறந்தவர்

கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் பிள்ளை வரம் வேண்டுவோருக்கென்றே வைத்தியசாலைகள் இன்று பெருகிவிட்டன. பழனியாண்டவனுக்கு நேர்ந்துகொண்ட தம்பதிகள் அங்கும் சென்று வருகிறார்கள். ஆனால், நம் நாட்டில் இவ்வித்தையை முதலில் சாதித்தவருக்கு நாம் அளித்த சன்மானம் யாது?

1978 ஜூலை 25-இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கருவை உறையவைத்துக் காத்து, பின்னர்த் தாயின் கருப்பையில் சேர்த்திருந்தார். மேற்கு வங்காள சர்க்கார் நியமித்த குழு அதை நம்பவில்லை. குழுவின் தலைவரோ ரேடியோ பௌதிக நிபுணர்! ஜப்பான் செல்ல அனுமதி மறுத்தார்கள். கண் வைத்திய நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

சந்தேகித்தது குற்றமன்று. மனித உயிரைத் தொடும் ஆராய்ச்சியில் சான்று கேட்பது கடமையே. ஆனால், கேட்பவருக்கு அதைப் படித்தறியும் தகுதி வேண்டாமா? கணக்கில் விடை மட்டும் போதாது, வழியையும் எழுதுங்கள் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்கிறோம். முகோபாத்யாய் வழியை எழுதித்தான் வைத்திருந்தார், படிக்க ஆளில்லை.

1986 ஆகஸ்டு 6-இல் பம்பாயில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் குழந்தை என்று பெயர் பெற்றாள். அதைச் சாதித்தவர்களுள் ஒருவர், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு உழைத்த விஞ்ஞானி டி. ஸி. ஆனந்தகுமார். 1997-இல் அவர் முகோபாத்யாயின் கைக்குறிப்புகளை ஊன்றிப் படித்தார். முதன்மை அவருக்கே உரியது என்று எழுதி வெளியிட்டார். யாரும் கேளாமலே தம் பட்டத்தைக் கழற்றி, இறந்தவருக்குச் சூட்டினார்.

கண்டுபிடிப்பவர் பலர் உண்டு. இப்படிக் கொடுப்பவர் எத்தனை பேர்?