கொத்துக்கார அக்கா



போன வாரம் சென்னையிலிருந்து மகன் போன் பண்ணினான். கம்பெனியில் அவனை டீம் லீடராகப் போட்டு ஆறு மாசம் ஆகுது. அவனுக்குக் கீழே எட்டுப் பேர். அதுல ரெண்டு பேர் வேலையை விட்டுப் போறோம்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம்.

"நான் சொல்றத யாருமே காதுல வாங்க மாட்டேங்குறாங்கப்பா. சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது. இல்லாட்டி ராத்திரி நானே உக்காந்து எல்லாத்தையும் செய்யவேண்டியிருக்கு" என்றான். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

நான் பன்னெண்டாவது முடிச்சுட்டு வயக்காட்டுக்கு வந்தவன். கம்ப்யூட்டர் வேலையைப் பத்தி நான் என்ன சொல்ல? "பாத்து நடந்துக்கப்பா"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. நானும் ஒரு தடவை வரப்பு மேல நின்னு சத்தம் போட்டு ஆளைத் துரத்துனவன்தான். அதை அவன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை.

எங்க ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாறு கால்வாய்த் தண்ணியை நம்பி ஒருபோகம். தண்ணி வந்துட்டா ஊரே ஒரே நேரத்துல நடவுக்கு நிக்கும். ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. நடவுக்கு வர்ற பொம்பளையாளுக கூட்டத்தை 'கொத்து'ன்னு சொல்லுவோம். பதினஞ்சு, இருபது பேர் இருப்பாங்க. அவங்களைச் சேர்த்துக் கூட்டிட்டு வர்றவங்க கொத்துக்காரி. ஏக்கருக்கு இவ்வளவுன்னு கூலி பேசுறது, யார் வயலுக்கு என்னிக்குன்னு முறை வைக்கிறது, வேலையை முடிச்சுக் கொடுக்கிறது எல்லாம் அவங்க பொறுப்பு. இப்ப நடவு மெஷின் வந்துருச்சு. ஆனா என் வயல் பள்ளக்கால், மெஷின் இறங்குனா புதைஞ்சுரும். அதனால எனக்கு இன்னிக்கும் கொத்துதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நடவு. தண்ணி தாமதமா வந்ததால கோ 51 விட்டிருந்தேன். நூத்தஞ்சு, நூத்திப்பத்து நாள்ல அறுவடைக்கு வர்ற ரகம். இந்த மாதிரி குறுகிய வயசு ரகத்துக்கு நாத்து 18லேர்ந்து 22 நாளைக்குள்ள வயலுக்குப் போயிரணும். அதுக்கு மேல முத்துனா தூர் சரியாக் கட்டாது. கொத்துக்கார அக்காகிட்ட கேட்டப்ப, "தம்பி, உங்களுக்கு 24-ஆம் நாள்தான் முறை வருது. உங்களுக்கு முன்னாடி சொன்னவங்கள விட்டுட்டு வரமுடியாது"ன்னு சொல்லிட்டாங்க.

எனக்குக் கோவம். இந்தம்மா என்ன பெரிய ஆபீசரா? நாலு பேரைக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு தனித் திறமை வேணுமா? நானே ஆள் சேர்த்தேன். ரெண்டு தெரு அலைஞ்சு, ஆளுக்கு அம்பது ரூபா கூடத் தர்றேன்னு சொல்லி, பதினாலு பேரைக் கொண்டுவந்து வயல்ல இறக்கினேன். எனக்கு இருக்கிறது ஒண்ணேகால் ஏக்கர். ஒரே நாள்ல முடிச்சுரலாம்னு கணக்கு.

காலையிலேயே கணக்கு தப்பிப் போச்சு. பரம்பு சரியா அடிக்கல, நடுவுல ஒரு மேடு தெரிஞ்சது. நாத்து முடிகளை வயல்ல பரவலா வீசி வைக்கல. ஒரு பக்கம் குமிச்சுக் கிடந்தது, இன்னொரு பக்கம் நடுறவங்க முடி வரட்டும்னு இடுப்புல கையை வச்சுட்டு நின்னாங்க. கை வேகமான நாலு பேர் முன்னால போயிட்டாங்க. வயசானவங்க பின்தங்கினாங்க. "நாங்க மட்டும் மாடா?"ன்னு முன்னால போனவங்க முணங்க ஆரம்பிச்சாங்க.

நான் என்ன செஞ்சேன்? வரப்பு மேல குடையோட நின்னு கத்தினேன். ஒரு சின்னப் பொண்ணு, கல்யாணமாகி எங்க ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல, நாத்தை ஆழமா ஊனிக்கிட்டு இருந்துச்சு. ஆழமா நட்டா வேர் பிடிக்கத் தாமதமாகும், தூரும் குறையும். சொன்னது சரிதான். சொன்ன விதம் சரியில்லை. "கூலி மட்டும் எண்ணி வாங்கத் தெரியுதுல்ல?"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டேன்.

அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல. கையில இருந்த முடியை அங்கேயே வச்சுட்டு, கால்வாய்ல கையைக் கழுவிட்டுக் கிளம்பிருச்சு. கூட நாலு பேர் போனாங்க. சாயங்காலம் பார்த்தா பாதி வயல் வெறுமையாக் கிடக்கு. மறுநாள் ஒருத்தர்கூட வரல.

22-ஆம் நாள் ராத்திரி, வேற வழியில்லாம அக்கா வீட்டு வாசல்ல போய் நின்னேன். குத்திக் காட்டுவாங்கன்னு நினைச்சேன். "24-ஆம் நாள் உங்களுக்குத்தான தம்பி போட்டிருக்கேன். நீங்கதான் வேண்டாம்னு வந்து சொல்லலையே"ன்னாங்க. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. இந்த நாலு நாள்ல எத்தனை பேர் அந்த நாளைக் கேட்டிருப்பாங்க! பத்து ஏக்கர்க்காரரும் கேட்டிருக்கார். கொடுக்கல.

அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாங்க. "ஆனா ஒண்ணு தம்பி. அந்தப் பிள்ளைட்ட போய் நீங்க ஒரு வார்த்தை பேசிருங்க. அது என் கொத்துல சேர்ந்திருக்கு. அது வராத வயலுக்கு நாங்க எப்படி வர்றது?"

போனேன். அவங்க தெருவுல, அவங்க வீட்டு வாசல்ல நின்னு, "தப்பாப் பேசிட்டேம்மா, மனசுல வச்சுக்காத"ன்னு சொன்னேன். என் தெருக்காரங்க ரெண்டு பேர் அதுக்கப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் அம்பது வயசு வரைக்கும் செஞ்சதுலயே கஷ்டமான வேலை அதுதான். ஏர் ஓட்டுறதெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமில்லை.

அதுக்கப்புறம்தான் அந்த அக்கா வேலை செய்யிற விதத்தை நான் கவனிச்சுப் பார்க்க ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் கூலி கொடுக்கிறப்ப மட்டும்தான் அவங்க முகத்தைப் பார்த்திருக்கேன்.

நடவுக்கு முதல்நாள் சாயங்காலமே வயலுக்கு வந்துட்டாங்க. வரப்புல சுத்தி நடந்து, கால் விட்டுப் பார்த்து, "இந்த மேட்டை இழுத்து விடுங்க. தண்ணிய ரெண்டு விரக்கடைக்கு வடிச்சு வைங்க. முடியை இங்க இருபது, அங்க இருபதுன்னு வீசி வைங்க"ன்னு சொன்னாங்க. மறுநாள் ஆள் வந்து இறங்கினப்ப யாரும் எதுக்காகவும் காத்து நிக்கல.

சனி மூலையில குலவை போட்டு முதல் நாத்தை நட்டதும், ஆளுகளை நிறுத்தினாங்க பாருங்க, அதுதான் வித்தை. வேகமான ஒருத்தி, மெதுவான ஒருத்தின்னு மாத்தி மாத்தி. மெதுவா நடுறவ பின்தங்கினா பக்கத்துல இருக்கிறவ கை நீட்டி ரெண்டு குத்து சேர்த்து நட்டுருவா. வரிசை ஒண்ணாவே நகரும். கைப்பிள்ளைக்காரிக்கு வரப்போரம் இடம், தொட்டில் கட்டின வேப்பமரத்துக்குப் பக்கத்துல. சேறு ஆழமா இருக்கிற பள்ளத்துல யாரு? அக்காதான்.

அந்தச் சின்னப் பொண்ணைத் தன் பக்கத்துலயே நிறுத்திக்கிட்டாங்க. திட்டல, பாடம் நடத்தல. "என் விரலப் பாரு, இவ்வளவுதான்"னு ஒரு தடவை நட்டுக் காமிச்சாங்க. அது நட்டதுல சாய்ஞ்சதைத் தானே சரி பண்ணிக்கிட்டு நகர்ந்தாங்க. மத்தியானம் நான் போய், "அக்கா, இந்தப் பக்கம் இடைவெளி கொஞ்சம் அகலமாருக்கே"ன்னு சொன்னேன். யாரு நட்டதுன்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். "நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன் தம்பி, நடுவுல சேத்து நட்டுருவோம்"னு முடிச்சுட்டாங்க. என்கிட்ட ஒரு பேரும் சொல்லல.

சாயங்காலம் பணத்தை வாங்கினதும் வேப்பமரத்தடியில எல்லாரையும் உக்காரவச்சு, எல்லாரும் பாக்க எண்ணிப் பிரிச்சாங்க. முறை பேசி அலையிறதுக்கு அவங்களுக்கு அரைப் பங்கு கூட. அதையும் சத்தமாச் சொல்லித்தான் எடுத்தாங்க. ராத்திரி ஒருத்தர் மனசுலயும் 'எவ்வளவு வாங்கிருப்பா'ங்கிற கேள்வி இருக்காது.

அந்த வருஷம் என் வயல்ல ரெண்டு பயிர் நின்ன மாதிரி இருந்துச்சு. நான் கத்தி நட்ட பாதி, அக்கா நட்ட பாதி. முத்துன நாத்தா இருந்தும் அவங்க நட்டதுதான் நல்லாத் தூர் கட்டி நின்னுச்சு. அறுவடை வரைக்கும் வரப்புல போற வர்றவங்க எல்லாரும் பார்த்தாங்க. நானும் தினம் பார்த்தேன்.

இதெல்லாம் மகன்கிட்ட போன்ல சொல்ல வாய் வரல. அவன் இதைப் படிப்பான். தம்பி, உனக்குச் சொல்றேன். போறேன்னு எழுதிக் கொடுத்த ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அவங்க கிளம்புறதுக்குள்ள நீயாப் போய் ஒரு வார்த்தை பேசிரு. அவங்க இருக்காங்களோ, போறாங்களோ, அது வேற. மிச்சம் ஆறு பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க. ராத்திரி உக்காந்து அவங்க வேலையை நீயே செய்யிறதை விட, முதல்நாள் சாயங்காலம் வயலைச் சுத்திப் பார்த்து வையி.

அக்காவுக்கு இப்ப முழங்கால் வலி. குனிய முடியல. வரப்புல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு வருஷமா கொத்தைக் கூட்டிட்டு வர்றது அந்தச் சின்னப் பொண்ணுதான். நாளைக்கு எனக்கு முறை. சாயங்காலம் வயலைப் பாக்க வந்துச்சு. கால் விட்டுப் பார்த்துட்டு, "அண்ணே, பரம்பு பத்தாது. கிழக்க மேடா இருக்கு. இன்னொரு தடவை அடிச்சாத்தான் நாங்க இறங்குவோம்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

இருட்டுறதுக்குள்ள அடிக்கணும். வர்றேன் நண்பர்களே.