ஓடும் வீட்டை இழுக்க எந்த வண்டி?

டிராவல் டிரெய்லர் என்றால் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, ஷவர் எல்லாம் இருக்கும். இஞ்சின் மட்டும் கிடையாது. பட்டாசுக்குச் சிவகாசி மாதிரி இந்த வண்டி வீடுகளுக்கு இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்று ஓர் ஊரே இருக்கிறது.

டென்வர் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் வீட்டுக்காரியும் ஆறு மாசம் போயிருந்தபோது மாப்பிள்ளைக்கு இதன்மேல் ஆசை வந்துவிட்டது. 23 அடி நீளம், பேரப்பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், நாங்கள் படுக்கச் சாப்பாட்டு மேஜையை மடக்கினால் மெத்தை. விற்பனை செய்கிறவர் மாப்பிள்ளையின் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் கார் 5,000 பவுண்டு இழுக்கும். இது 3,900 பவுண்டுதான். தாராளமாகப் போகலாம்."

மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஏழு பேர் உட்காரும் ஜப்பானிய எஸ்யூவி, வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. முப்பத்து நாலு வருஷம் பஸ் பணிமனையில் பிரேக்கும் அச்சும் பார்த்தவன். ஆனால் மகள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டு, "உங்கள் கார் இதற்கு ஆகாது" என்று மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? மாமனாராக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும்.

அன்று ராத்திரி காப்பி குடித்துவிட்டு, "மாப்பிள்ளை, காரின் டிரைவர் பக்கக் கதவைக் கொஞ்சம் திறங்களேன், ஒன்று பார்க்கணும்" என்றேன். நம் ஊர் லாரிகளின் பக்கவாட்டில் வெற்று எடை, சரக்கோடு எடை என்று பெயிண்டில் எழுதியிருப்பார்களே, அதைப்போல அங்கே ஒவ்வொரு காரிலும் டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை எடைக்கு மேல் ஏற்றக்கூடாது என்று. அவர் காரில் 1,340 பவுண்டு. நம் கணக்கில் 608 கிலோ.

"சரி மாமா, இது காருக்குள் ஏற்றுவதற்குத்தானே? டிரெய்லர் பின்னால் தானே வருகிறது?" என்றார். நியாயமான கேள்வி. டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தில் நிற்காது. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காரின் கொக்கிமேல் உட்காரும். அந்த எடை கார் சுமக்கும் பாரத்தில்தான் சேரும்.

பேரனின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதினோம். 3,900 என்பது காலி வீட்டின் எடை. தண்ணீர் ஒரு காலன் 8.34 பவுண்டு, 30 காலன் தொட்டி நிரம்பினாலே 250 ஆச்சு. கேஸ், பாத்திரம், துணிமணி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏற்றினால் 4,700-ஐத் தொடும். அதில் 13 சதவீதம் 611. கொக்கிச் சாமான்கள் ஒரு 80. ஆறு பேர் எடை 710. கூட்டினால் 1,401. இன்னும் ஒரு பை வைக்கவில்லை, அதற்குள் ஸ்டிக்கரைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் 5,000 என்பது பொய்யா? இல்லை. 2008-ல் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு இதற்கென்றே ஜே2807 என்று ஒரு சோதனை முறை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கம் நல்ல வெயிலில், ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு, சாதாரண வண்டியானால் 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் மலை ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் காருக்குள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு என்று கணக்கு. நாங்கள் ஆறு பேர், அதிலும் சம்பந்தி வீட்டு முறுக்கு டின்னோடு.

படுக்கப் போகும்போது வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் வரலைன்னு சொல்லிட்டா சரியாப் போயிடுமா?" எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து 285 பவுண்டு. கழித்தால் ஸ்டிக்கருக்குள் வந்துவிடும். ஆனால் அந்தக் காரின் கொக்கி தாங்குவது 500 பவுண்டு, உட்காரப்போவதோ 611. நாங்கள் வீட்டில் இருந்தாலும் அது ஆகாது. அதைச் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை இருட்டிலும் பார்த்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி வைத்தால் கொக்கிமேல் பாரம் குறையுமே? குறையும். மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி தூக்கி மாட்டுக்குக் கழுத்தை இறுக்கும். அதனால்தான் கூண்டு வண்டியில் "கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருங்க" என்பார்கள். இங்கே நுகம் தூக்குவதோடு நிற்காது. முன்பாரம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால், வேகத்தில் டிரெய்லர் மீன் வால் மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்தாலே போதும். அப்போது பதறிப்போய் காலால் பிரேக்கை மிதிப்பதைப்போல ஆபத்து வேறில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் லேசாகப் போட வேண்டும். இழுக்கிற வண்டி நீளமாகவும் கனமாகவும் இருந்தால் ஆட்டம் அதை அவ்வளவு சுலபமாக அசைக்காது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்த வண்டிகளை நான் தள்ளிவைக்கச் சொன்னது அதனால்தான்.

போதாததற்கு மலை. டென்வரே 5,280 அடி உயரம். மேற்கே போனால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,158 அடி. டர்போ இல்லாத இஞ்சின் அந்த உயரத்தில் மூச்சு வாங்கி, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். ஏறும்போது மெதுவாகப் போகலாம், பின்னால் வருகிறவன் திட்டிவிட்டுப் போகட்டும். சுரங்கத்தைத் தாண்டினால் 7 சதவீத இறக்கம், அதுவும் மைல் கணக்கில். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரம் ஜல்லி கொட்டிய மேடு இருக்கிறது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று எங்கள் மலை ரூட் டிரைவர்கள் சொல்வதை மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எனக்கு வேலையே இல்லை. வார இறுதிகளில் பழைய வண்டி விற்கும் இடங்களுக்குப் போய், மாப்பிள்ளையே முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைத்தான் படித்தார். விற்பவர்கள் சோபா சீட், பாட்டுப் பெட்டி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஒரே மாடலில் விலை கூடக் கூட, சுமக்கும் பாரம் குறைகிறது! கூரைக் கண்ணாடி, தானாக இறங்கும் படி, தோல் இருக்கை எல்லாம் சேர்ந்து அந்தப் பவுண்டுகளைத் தின்றுவிடுகின்றன. பிக்கப் டிரக் ஒன்று நன்றாக இருந்தது, ஆனால் அதில் ஐந்து பேர்தான் உட்காரலாம். மின்சாரப் பிக்கப்பையும் பார்த்தோம். இழுக்கும் பலத்துக்குக் குறைவில்லை, ஆனால் இப்படி ஒரு வீட்டை மாட்டினால் சார்ஜ் பாதி தூரத்துக்குத்தான் வரும். மலைக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படாது.

கடைசியில் நாலு வருஷம் ஓடிய செவ்ரோலெட் சபர்பன் ஒன்று அமைந்தது. லாரி மாதிரி தனிச் சட்டத்தின்மேல் கட்டிய வண்டி. கதவு ஸ்டிக்கர் 1,640. எங்கள் 1,401 போக 239 பவுண்டு மிச்சம். துடைத்துத் துடைத்து வைத்திருந்த காரைக் கொடுத்துவிட்டு வரும்போது மாப்பிள்ளை பேசவே இல்லை. நானும் பேசவில்லை. வழியில் அவரே, "பசங்க பின்னாடி உட்கார்ந்திருக்காங்க இல்லையா மாமா" என்றார்.

1954-ல் லூசில் பால் நடித்து 'தி லாங், லாங் டிரெய்லர்' என்று ஒரு சிரிப்புப் படம் வந்தது. கணவன் வேண்டாம் என்று சொல்லியும் அம்மணி போகிற ஊரிலெல்லாம் கல் பொறுக்கி டிரெய்லருக்குள் ஒளித்து வைப்பார். அதோடு மலை ஏறுவார்கள். மகள் அதைப் போட்டுக் காட்டினாள். எல்லோரும் என் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள்தான் தெரிந்தது, பயணத்துக்கு மாவு கிரைண்டரை எடுத்து வைத்திருக்கிறாள்.

குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 26 பவுண்டு. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்குமிடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாகச் சீட்டில் அடித்துக் கொடுக்கிறார்கள். ஏற்றவேண்டியதை எல்லாம் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து நிறுத்தியதில், ஸ்டிக்கர் கணக்குக்கு இன்னும் 70 பவுண்டு மிச்சம் இருந்தது. மாப்பிள்ளை சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கிரைண்டர் டிரெய்லருக்குள், அச்சுக்கு நேர் மேலே, தரையில் பட்டை போட்டுக் கட்டி வந்தது.