வாடகைப் பாக்கியும் வாசற்படியும்

ஜவ்வாது மலையினின்று இறங்கி வந்து திருப்பத்தூரில் தங்கிக் கல்வி கற்கும் பிள்ளைகள் பலர். 1951ஆம் ஆண்டு சலேசிய சபையார் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி அவர்களுள் எத்தனையோ பேருக்கு உயர்கல்வியின் வாயிலாயிற்று. விடுதியில் இடம் கிடைக்காதோர் ஊருக்குள் அறை தேடுகின்றனர். எங்கள் இல்லத்தின் பின்கட்டு அறையும் அவ்வாறு வாடகைக்கு விடப்படுவதே. மாதம் ரூ.1,500. முதுமையில் எங்கள் இருவரின் மருந்துச் செலவு பெரும்பாலும் அதைக் கொண்டே நடைபெறுகிறது. எனவே, புதூர்நாட்டுப் பக்கத்து மாணவர் ஒருவர் ஐந்து மாதம் வாடகை தராதிருந்தபோது அதை எளிதாக எடுத்துக்கொள்ள எங்களால் இயலவில்லை.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "அறையைப் பூட்டிவிடுங்கள்" என்றார் ஒருவர். "மின்சாரத்தை நிறுத்துங்கள், மூன்றாம் நாள் பணம் வரும்" என்றார் மற்றொருவர். சைக்கிளையும் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். தேர்வு நேரத்தில் மாணவனின் புத்தகத்தைப் பிடித்து வைத்தால் யாருக்கு என்ன இலாபம்?

சட்டம் அறிந்த உறவினர் ஒருவரை நாடினோம். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமே நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் இப்போது வரையறுக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு பெறுதலும் வேண்டும். நீர், மின்சாரம் போன்ற இன்றியமையா வசதிகளை உரிமையாளர் நிறுத்தலாகாது. இரண்டு மாத வாடகை நிலுவையாகி, எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தும் ஒரு மாதத்திற்குள் செலுத்தப்படாவிடில் வாடகை நீதிமன்றத்தை அணுகி அறையைக் காலி செய்யக் கோரலாம். குடியிருந்தவர் போய்விட்டாலும் கடன் போய்விடுவதில்லை. நிலுவைக்கு வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் மூன்றாண்டு தருகிறது.

மாணவர்க்கு அறை விடுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. இம்மாணவர் வந்தபோது அவருக்கு வயது பதினேழு. ஆதலால் அவருடைய தந்தையிடமே கையொப்பம் பெற்றிருந்தோம். ஆகக் கடன்காரர் மகனல்லர், தந்தையே. கேட்பதானால் அவரிடமே கேட்க வேண்டும்.

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை அன்றிரவு எடுத்துப் படித்தோம். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டினுள் நுழையக் கூடாதாம். வெளியே நிற்க வேண்டுமாம். அவன் ஏழையானால், அடகாய்ப் பெற்ற மேலாடையைச் சூரியன் மறையுமுன் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். ஆனால் கடனைக் கேட்கவே கூடாது என்று அங்கு எழுதப்படவில்லை. அது எங்களுக்குப் பெரும் ஆறுதல்!

அடுத்த சனிக்கிழமை பேருந்தேறி மலைக்குச் சென்றோம். தந்தை வயலில் இருந்தார். சாமை அறுவடைக்கு நின்றது. எங்களைக் கண்டதும் அவர் முகம் வாடிற்று. மகனுக்கு வர வேண்டிய உதவித்தொகை வரவில்லை என்பதும், வீட்டில் சொல்ல அஞ்சி அவன் மறைத்ததும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன. "சாமை அடித்ததும் கொண்டுவந்து தந்துவிடுகிறேன், ஐயா; அவன் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்றார். படிப்பை நிறுத்த நாங்கள் யார்? எனினும் வாய்ச்சொல்லோடு விடவில்லை. திண்ணையிலேயே அமர்ந்து, பாக்கி ரூ.7,500 என்றும், அதனை ரூ.2,500 வீதம் மூன்று தவணையில் தருவதென்றும், நடப்பு வாடகை தனி என்றும் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். முன்பணம் ரூ.3,000ஐத் தொடவில்லை, சுவர், கதவு பழுதுக்கு அது இருக்கட்டும் என்று விட்டோம். இரக்கம் காட்டினால் கணக்கு எழுதலாகாது என எண்ணுவோர் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

இதுவரை இரண்டு தவணை வந்துள்ளது. ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுத்தோம். மூன்றாவது, புளி விற்றபின் வரும் என்று சொல்லியிருக்கிறார். உறவினர் எழுதித் தந்த அறிவிப்பு மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் அதற்கு வேலை வரவில்லை.