மூன்று படங்களும் ஒரு பெயரும்

சினிமா பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட வியாதி. பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில், வெர்ப் கொன்ஜுகேசோன் ஒப்பிக்காமல் முசியேவிடம் பிரம்படி வாங்கிய நாட்களில்கூட, ரத்னாவிலும் ராமனிலும் என்ன படம் ஓடுகிறது என்பது மட்டும் மனப்பாடமாக இருக்கும். இப்போது தியேட்டருக்குப் போக முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பேரன் வீட்டு டிவியிலேயே எல்லாம் வரும்படி செய்து கொடுத்திருக்கிறான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம். நடுவில் தூங்கிவிட்டால் மறுநாள் மிச்சம்.

போன மாதம் மூன்று படங்கள் பார்த்தேன். ஒன்று மலையாளம், ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ். மூன்றுமே மறதியைப் பற்றியவை. தற்செயலாக அமைந்தது என்று சொன்னால் பொய். நானே தேடித்தான் பார்த்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பது என் வழக்கம். காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை போய்த் திரும்புவேன். ஒருநாள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எதிரில் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், வணக்கம். என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன! நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

உண்மையில் யாரென்றே தெரியவில்லை. அவரோ என் பழைய வீடு இருந்த தெரு, என் அம்மா போட்டுக் கொடுத்த காப்பி எல்லாவற்றையும் சொல்கிறார். அவருடைய தாத்தாவின் பிறப்புப் பதிவை நான் தேடி எடுத்துக் கொடுத்தேனாம். மூன்று நாள் ஆபீஸ் நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து தேடினேனாம். "அந்த ஒரு காகிதத்துலதான் சார் எங்க குடும்பம் நிமிர்ந்துச்சு" என்றார். ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று விலாசமும் சொன்னார். "கட்டாயம் வரேன்" என்று சொல்லிவிட்டு அவசர வேலை இருப்பதுபோல் வேகமாக நடந்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர் தேடுவதுதான் என் உத்தியோகமே. பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தா என்பதால் பழைய எத்தா சிவில் பதிவேடுகள் என் மேசைக்கு வந்துவிடும். அதில் நம் பெயர்களைப் பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பான். முருகையனுக்கு 'மு' போட மூன்று எழுத்து, இராமசாமிக்கு நடுவில் இரண்டு 'எஸ்'. ஒரே ஆளுக்குப் பிறப்பில் ஓர் எழுத்துக்கூட்டல், கல்யாணத்தில் வேறு எழுத்துக்கூட்டல். அந்தக் காட்டுக்குள் புகுந்து ஊரார் தாத்தாக்களை எல்லாம் கண்டுபிடித்தவன், எதிரில் நிற்கிற மனுஷனின் பெயர் தெரியாமல் ஓடி வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னங்க, போன மாசம் பால்காரருக்கு ரெண்டு தடவை பணம் கொடுத்தீங்க. நான்தான் சொல்லித் திருப்பி வாங்கினேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

பிரான்சில் இருக்கும் மகளுக்கும் இது முன்பே தெரிந்திருக்கிறது. "அப்பா, ஒரு டாக்டரைப் பார்க்கலாமே" என்று போனில் இரண்டு மூன்று தடவை சொன்னதற்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. வருஷாவருஷம் நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கிறேன். புத்தியோடு இருக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை. டாக்டரிடம் போகப் பயம். அதனால் சினிமாவிடம் போனேன்.

முதலில் பார்த்தது 'தன்மாத்ரா'. 2005-இல் பிளெஸ்ஸி இயக்கியது, பத்மராஜனின் ஒரு சிறுகதையை வைத்து எடுத்தது. மோகன்லால் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கும் ரமேசன் நாயர். மகனை ஐ.ஏ.எஸ். ஆக்க வேண்டும் என்று கனவு. ஆபீசில் முக்கியமான ஒரு ஃபைல் காணாமல் போகிறது. தேடினால் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத்தான் அந்தக் காட்சியின் பயங்கரம் புரியும். ஃபைல் காணோம் என்றால் பிராணன் போன மாதிரி அல்லவா? பிறகு ஒருநாள் காய்கறிப் பையோடு ஆபீசுக்கு வந்து, வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்துகொள்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மோகன்லால் அங்கே நடிக்கிறார் என்றே தோன்றவில்லை.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. அந்த ரமேசன் அத்தனை நல்லவர். நல்ல மகன், நல்ல புருஷன், நல்ல அப்பா, கை சுத்தமான ஊழியர். ஆகவே வியாதி வந்ததும் நாம் கர்ச்சீப்பை எடுக்கிறோம். கொஞ்சம் சிடுமூஞ்சியான, வீட்டில் எரிந்து விழுகிற ஆளுக்கு இதே வியாதி வந்தால்? அவருக்காக யார் அழுவார்கள்? படத்தின் பிற்பாதி முழுக்க அழ வைக்கிறது. அழுது முடித்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. இது ரமேசன் நாயருக்கு வந்தது, எனக்கு இல்லை என்று நிம்மதியாக டீ குடித்தேன்.

அந்த நிம்மதியை இரண்டாவது படம் கெடுத்தது. 'தி ஃபாதர்', 2020-இல் வந்தது. எடுத்தவர் ஃப்ளோரியான் ஸெல்லேர் என்ற பிரெஞ்சுக்காரர். 2012-இல் அவரே எழுதிய 'லு பேர்' நாடகம்தான் படமாகியிருக்கிறது. நாடகத்தில் கிழவரின் பெயர் ஆந்த்ரே. படத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸுக்காக அந்தப் பெயரையே ஆந்தனி என்று மாற்றி, பிறந்த தேதியையும் அவருடைய சொந்தப் பிறந்த தேதியாகவே வைத்துவிட்டார்கள். இந்த வேஷத்துக்குத்தான் ஹாப்கின்ஸுக்கு 83 வயதில் ஆஸ்கார் கிடைத்தது.

இதில் அழ வைக்கும் பாட்டு இல்லை. நோயாளியைத் தள்ளி நின்று காட்டுவதும் இல்லை. அவர் தலைக்குள் நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள். வீடு ஒரே வீடுதான், ஆனால் சாமான்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மகளாக ஒரு காட்சியில் ஒலிவியா கோல்மன் வருகிறார், இன்னொரு காட்சியில் வேறொரு பெண் வந்து "நான்தான் உங்கள் மகள்" என்கிறாள். முதலில் டிவியில்தான் ஏதோ கோளாறு, வேறு பகுதி ஓடுகிறது என்று நினைத்து ரிமோட்டை எடுத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, குழம்பியது நான்தான். குழப்புவதற்காகவே எடுத்த படம்.

மகள் தான் பாரீசுக்குக் குடிபோகப் போவதாகச் சொல்கிறாள். ஆங்கிலம்கூடப் பேசாத ஊராயிற்றே என்று கிழவர் கேலி செய்கிறார். லண்டன்காரர்களுக்கு அது நகைச்சுவையாக இருக்கலாம். பாரீசுக்குப் போகிறேன் என்று பிள்ளைகள் சொல்லாத தெரு நம் புதுச்சேரியில் உண்டா? ஏர்போர்ட்டில் கையாட்டிவிட்டு வந்த அப்பாக்கள் இந்த இடத்தில் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது கைக்கடிகாரம். அதைத் தானே ஓர் இடத்தில் பத்திரமாக ஒளித்து வைப்பார், பிறகு மறந்துவிடுவார். வேலைக்கு வந்தவள் திருடிவிட்டாள் என்று சண்டை போடுவார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அதில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. மருமகளின் அம்மா பெயர், எதிர்வீட்டுக்காரர் பெயர், மாத்திரை பெயர் எல்லாம் எழுதி ஆறு மாதமாக யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறேன். கடற்கரையில் அந்த மனிதரிடம் பொய் சொன்னேன். மகளிடம் "எனக்கு ஒன்றும் இல்லை" என்றேன். ஆந்தனிக்குத் தான் ஒளிப்பது தெரியாது. எனக்குத் தெரியும். அதுவரைக்கும் நான் பாக்கியசாலி. ஆனால் ஒளிப்பது ஒன்றுதான்.

கடைசியில் ஹாப்கின்ஸ் அம்மா வேண்டும் என்று குழந்தையாகி அழுகிறார். அதைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மனைவியிடம் சீட்டைக் காட்டினேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, "என் பேரு இதுல இல்லையே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றாள். அந்த வாரமே டாக்டரிடம் போனோம்.

டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். தேதி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். 100-இல் இருந்து 7 கழித்துக்கொண்டே போகச் சொன்னார். 93, 86, 79, 72, 65 என்று சரசரவென்று சொன்னேன். குமாஸ்தாவிடமா கணக்கு? ஆனால் முதலில் மூன்று வார்த்தைகள் சொல்லியிருந்தார். எலுமிச்சை, சாவி, படகு. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது எலுமிச்சையும் சாவியும்தான் வந்தன. தினமும் கடலைப் பார்த்து நடக்கிறவனுக்குப் படகு வரவில்லை.

ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்றார். காதையும் சோதிக்கச் சொன்னார். சரியாகக் காதில் விழாததுகூட மறதி மாதிரி தெரியுமாம். "இது வயசு மறதியா, வேற ஏதாவதான்னு இன்னைக்கே முடிவா சொல்ல முடியாது ஐயா. மருந்து சாப்பிடுங்க, ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்" என்றார். நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. ஆனாலும் வெளியே வரும்போது மனது லேசாக இருந்தது.

மூன்றாவது படம் 'மெய்யழகன்', 2024-இல் பிரேம்குமார் இயக்கியது. இது வியாதியைப் பற்றிய படமே இல்லை. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அரவிந்த்சாமி, இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். கார்த்தி "அத்தான், அத்தான்" என்று கூடவே ஒட்டிக்கொள்கிறார், தாங்கு தாங்கென்று தாங்குகிறார். அவர் யார், பெயர் என்ன என்று அரவிந்த்சாமிக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். வெட்கம் தாளாமல் விடிவதற்குள் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிடுகிறார்.

படம் நீளம்தான். ரிலீசுக்குப் பிறகு பதினெட்டு நிமிஷம் போலக் குறைத்தார்கள், இன்னும் குறைத்திருக்கலாம். கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார், இவ்வளவு வெள்ளந்தியான ஆள் எங்கே இருக்கிறார் என்றும் தோன்றும். ஆனால் அரவிந்த்சாமியின் முகம் இருக்கிறதே, பெயர் தெரியாதவனின் அந்த அசட்டுச் சிரிப்பு, அது நூற்றுக்கு நூறு உண்மை. அதைச் சிரித்தவன் நான் சொல்கிறேன். தான் எப்போதோ விட்டுவிட்டுப் போன ஒரு சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அவருக்குத் தெரியவே தெரியாது. செய்தவனுக்கு மறந்துவிடுகிறது, வாங்கியவனுக்கு மறப்பதில்லை.

மூன்று படங்களில் எது உசத்தி என்று கேட்டால் 'தி ஃபாதர்' என்பேன். எதை மறுபடி பார்ப்பீர்கள் என்றால் 'மெய்யழகன்' மட்டும்தான். இன்னொரு தடவை ஹாப்கின்ஸைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

படம் பார்த்த மறுநாளிலிருந்து துய்ப்ளே சிலைப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார ஆரம்பித்தேன். நான்காம் நாள் அவர் வந்தார். எழுந்து போய் நானே கையைப் பிடித்தேன்.

"தம்பி, மன்னிக்கணும். அன்னைக்குத் தெரிஞ்ச மாதிரி பேசினேன். உங்க பேரு எனக்கு ஞாபகம் இல்லை."

அவர் முகம் மாறவில்லை. "அதுக்கென்ன சார்! நீங்க ஆயிரம் பேரைப் பார்த்திருப்பீங்க. எனக்கு நீங்க ஒருத்தர்தானே" என்று சிரித்துவிட்டுப் பெயரைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தேன். மீன் குழம்பு பிரமாதம்.

அவரைக் கேட்காமல் அவர் பெயரை இங்கே எழுதுவது முறையில்லை. சீட்டிலும் அதை எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அவர் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. இன்று காலை நடக்கும்போது ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இருக்கிறது.