கடுகு சிறுத்தாலும்…

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். கணிப்பொறியின் வரலாற்றில் இதற்குச் சான்றாக ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதைப் பற்றி அறியும் ஆவலை எனக்கு ஊட்டியவள் என் அக்கா. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகளில் வேலைக்குச் செல்லும் எத்தனையோ பெண்களில் அவளும் ஒருத்தி. கைபேசிகளின் பாகங்களைப் பொருத்துவது அவள் வேலை. "இதன் மூளையை யார் கண்டுபிடித்தார்கள், அக்கா?" என்று கேட்டேன். "எனக்குப் பொருத்தத்தான் தெரியும். நீதான் படிக்கிற பெண்ணாயிற்றே, தேடிச் சொல்லேன்" என்றாள். தேடினேன்.

கணிப்பொறியின் மூளை நுண்செயலி. 1974இல் வெளிவந்த இன்டெல் 8080 நுண்செயலி ஒன்றின் விலை 360 டாலர். சாதாரண மக்கள் அதை எண்ணிப் பார்க்கவும் முடியாது. 1975இல் சக் பெடில் என்ற பொறியாளரும் அவருடைய தோழர்களும் மாஸ் டெக்னாலஜி என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வாயிலாக 6502 என்ற நுண்செயலியை வெறும் 25 டாலருக்கு விற்றார்கள். சில்லின் அளவைச் சுருக்கினார்கள், தயாரிப்பில் வீணாவதைக் குறைத்தார்கள், விலை இறங்கியது. அதைக் கொண்டுதான் ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற இளைஞர் முதல் ஆப்பிள் கணிப்பொறியை அமைத்தார். கணிப்பொறி வீட்டுக்குள் நுழைந்தது.

இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் 1981இல் செய்த பி.பி.சி. மைக்ரோவிலும் இதே சில்லுதான். நம் நாட்டில் 1984இல் 'கிளாஸ்' திட்டம் தொடங்கியபோது முதலில் 250 பள்ளிகளுக்கு வந்தவையும் அந்தக் கணிப்பொறிகளே.

அதற்கு 'பேசிக்' மொழியை எழுதியவர் சோபி வில்சன் என்னும் பெண்மணி. அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் 1983இல் அமெரிக்கா சென்று, 6502இன் அடுத்த தலைமுறைச் சில்லு உருவாகும் இடத்தைப் பார்த்தார்கள். ஒரு சிறு குழுவே அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் தம்மாலும் முடியும் என்ற துணிவு அவர்களுக்குப் பிறந்தது. 1985 ஏப்ரலில் அவர்களுடைய 'ஆர்ம்' நுண்செயலி இயங்கிற்று. இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளிலும் இருப்பது அதன் வழிவந்த மூளையே.

அன்புத் தோழியரே, மலிவான ஒரு சில்லு அறிவின் கதவை எளியவர்க்குத் திறந்தது. அந்த வழியே சென்று ஒரு பெண் உலகக் கைபேசிகளுக்கு மூளை வகுத்தார். நம் வட்டாரத்துப் பெண்களின் விரல்களுக்குத் திறமை உண்டு, உழைப்பும் உண்டு. வடிவமைக்கும் கல்வியும் அவற்றோடு சேர வேண்டும். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைக்கலாகாது என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். கணிதத்தையும் அறிவியலையும் கண்டு அஞ்சாமல் கற்போம். பொருத்தும் கைகளே நாளை படைக்கும் கைகளும் ஆகட்டும்!