4 லட்சம் பேர் பேசும் மொழிக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?

டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலையில் பாதி மொழிபெயர்ப்புதான். ஏஜென்சி செய்தி ஆங்கிலத்தில் வரும். அதைத் தமிழாக்கி, தலைப்பு வைத்து, படம் சேர்த்து, மளமளவென்று ஏற்றிவிட வேண்டும். 2023 நவம்பரில் ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊரை எரிமலை அச்சத்தால் ஒரே ராத்திரியில் காலி செய்தார்கள். அந்தச் செய்தியைத் தொடர்ந்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அங்கே பேரிடர் அறிவிப்புகள் ஐஸ்லாண்டிக் மொழியில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் போலிஷ் மொழியிலும் வந்தன. அந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களில் போலந்துக்காரர்கள்தான் அதிகம். 'உடனே கிளம்புங்கள்' என்ற ஒரு வரி அவர்களுக்குப் புரியாமல் போயிருந்தால்?

அன்றிலிருந்து அந்த மொழி மேல் எனக்கு ஒரு கிறுக்கு. ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 4 லட்சம். அவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலமும் நன்றாகப் பேசுவார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. முதலில் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நமக்கு இனிஷியலில் அப்பா பெயர் இருப்பதுபோல, அவர்களுக்குப் பெயரின் பின்னால் இருக்கும். யோன் என்பவரின் மகன் 'யோன்சன்', மகள் 'யோன்ஸ்டோட்டிர்'. அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு பின்பெயர்கள் இருக்கலாம். வெளிநாட்டு விசா அதிகாரி 'இவர்கள் ஒரே குடும்பம்தானா?' என்று புருவம் உயர்த்துவார். இது போன்ற இடத்தில் ஆவணத்தை மொழிபெயர்க்க, தேர்வு எழுதி அரசு உரிமம் வாங்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

அடுத்தது இலக்கணம். ராமன், ராமனை, ராமனுக்கு என்று நாம் வேற்றுமை உருபு சேர்ப்பதுபோல அங்கேயும் நான்கு வேற்றுமைகள் உண்டு. ஆட்களின் பெயரும் தப்பாது. 'விக்டிஸ்' என்பவரைப் பார்த்தேன் என்றால் 'விக்டிசி', அவருடைய புத்தகம் என்றால் 'விக்டிசர்'. 1 முதல் 4 வரையுள்ள எண்களும் பால் பார்த்து உருமாறும். ஆகவே, ஆப்களில் வரும் 'அன்புள்ள கோடிட்ட இடம், உங்களுக்கு இத்தனை மெசேஜ்' போன்ற வாக்கியங்களில் பெயரையும் எண்ணையும் அப்படியே செருகிவிட முடியாது. வாக்கியத்தையே திருப்பிப்போட ஒரு மனிதர் வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் புதுச்சொல் உருவாக்கும் விதம். கம்ப்யூட்டருக்கு அவர்கள் சொல் 'டோல்வா'. எண் என்ற பொருள் தரும் சொல்லையும் குறி சொல்லும் பெண்ணைக் குறிக்கும் பழைய சொல்லையும் சேர்த்தது. எண்களால் குறி சொல்பவள்! டெலிபோனுக்கு, நூல் என்று பொருள்பட்ட ஒரு வழக்கொழிந்த சொல்லைத் தூசு தட்டி எடுத்து 'சீமி' என்றார்கள். ராணுவ டாங்கிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஊர்ந்து வரும் டிராகன்'. 19-ம் நூற்றாண்டில் யோனாஸ் ஹால்கிரிம்சன் என்ற கவிஞர் ஒரு வானியல் நூலை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். ஈர்ப்புவிசைக்கு ஐஸ்லாண்டிக்கில் சொல் இல்லை. அவரே உருவாக்கினார். இன்றும் அந்தச் சொல் வழக்கில் இருக்கிறது. அவர் பிறந்தநாளான நவம்பர் 16-ஐ ஐஸ்லாண்டிக் மொழி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அதற்கும் முன்பு, 1540-ல் அச்சான ஐஸ்லாண்டிக் புதிய ஏற்பாட்டை ஒடூர் கோட்ஸ்கால்க்சன் என்பவர் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார் என்று சொல்வார்கள். நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னெஸ்கூட ஹெமிங்வேயை மொழிபெயர்த்திருக்கிறார். அங்கே இது இரண்டாம்தர வேலை இல்லை.

இதையெல்லாம் படிக்கப் படிக்க, என்னுடன் டிப்ளமோ படித்த தோழிதான் நினைவுக்கு வந்தாள். அவள் முழுநேர மொழிபெயர்ப்பாளர். வார்த்தைக் கணக்கில் சம்பளம். போன வருடம் அவளுக்கு வேலை தரும் நிறுவனம், இனி மெஷின் மொழிபெயர்க்கும், நீங்கள் திருத்தினால் போதும் என்று சொல்லி, வார்த்தைக்குத் தந்த காசைப் பாதியாக்கிவிட்டது. "திருத்துறதுக்குப் புதுசா எழுதுறதைவிட அதிக நேரம் ஆகுதுடி. அதுக்கு யாரு கணக்கு பார்க்குறா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. என் வேலைக்கும் அதே கதி வரலாம் என்ற பயம் எனக்கும் இருக்கிறது.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. பிள்ளைகள் கேமும் வீடியோவும் ஆங்கிலத்திலேயே பார்த்து வளர்கிறார்கள். டிஸ்னி ப்ளஸ்ஸில் ஐஸ்லாண்டிக் இல்லை என்று 2021-ல் அந்த நாட்டுக் கல்வி அமைச்சரே டிஸ்னிக்குக் கடிதம் எழுதினார். மெஷினை அவர்கள் விரட்டவில்லை. 2022-ல் அதிபர் தலைமையில் ஒரு குழு அமெரிக்கா போய், ஓப்பன்ஏஐ உள்ளிட்ட நிறுவனங்களைச் சந்தித்தது. அடுத்த வருடம் ஜிபிடி-4 வெளியானபோது, 40 தன்னார்வலர்கள் உட்கார்ந்து அதன் பதில்களைப் படித்து, எது நல்ல ஐஸ்லாண்டிக், எது தப்பு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மொழி தெரிந்த மனிதர் இல்லாமல் மெஷினுக்கும் மொழி வராது என்பதை அந்த நாடு புரிந்துவைத்திருக்கிறது. நம் ஊர் நிறுவனங்கள் திருத்துபவரின் காசைக் குறைக்கும்போது மறப்பது இதைத்தான்.

இன்னொன்றும் என்னைத் தொட்டது. ஐஸ்லாண்டிக் தெரியாத நோயாளிக்கு, அவருடைய நோயையும் சிகிச்சையையும் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று 1997-ம் ஆண்டு நோயாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. டாக்டர் சொல்வது புரியாமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பக்கத்தில் நிற்பவரிடம் 'என்ன சொன்னாரு?' என்று கேட்பவர்களை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? அங்கே இந்த இடத்திலும் மொழிபெயர்ப்பு என்பது உதவி இல்லை, உரிமை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது மொழிபெயர்ப்பு செய்கிறார்களா? அடுத்த முறை, "ஒரு பக்கம்தானே, சும்மா பண்ணிக் கொடேன்" என்று பேப்பரை நீட்டாதீர்கள். பக்கத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அவர் தயங்கினாலும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.